கையேட்டில் போட்ட மாதிரிப் பட்டியல்

பிள்ளைகளே, அப்பா இதுவரை எழுதிய ஒரே புத்தகம் எட்டுப் பக்கம். அதைப் புத்தகம் என்று சொன்னால் நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். இரண்டு தாளை நடுவில் மடித்து, முதுகில் ஸ்டேப்ளர் முள் குத்தி, மேலே பிளாஸ்டிக் அட்டை போட்டது. என் கவுண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. 'போனில் உள்ள ஆப்களைப் பட்டியல் எடுக்கும் முறை' என்று அட்டையில் எழுதியிருக்கும். அதன் ஐந்தாம் பக்கத்தில் ஒரு மாதிரிப் பட்டியல் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். மகளே, அந்தப் பக்கத்தைப் பார்த்து நீ அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டாய். நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

என் வேலை என்ன என்று உங்கள் பள்ளிக்கூட பாரத்தில் 'ஸ்டோர் கிளார்க்' என்று எழுதிக் கொடுப்பேன். உண்மையில் என்ன செய்கிறேன் என்று உட்கார்ந்து சொன்னதில்லை. பாயான் லெப்பாஸில் எங்கள் கிலாங்கின், அதாவது தொழிற்சாலையின், உள்ளே தூசி படக்கூடாத பெரிய அறை ஒன்று இருக்கிறது. அதற்குள் போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு போவார்கள். கண் மட்டும்தான் வெளியே தெரியும். சொந்தப் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கதவுக்கு முன்னால் என் கவுண்டர். என் பின்னால் சுவரில் எண் போட்ட சின்னச் சின்ன மரப்பெட்டிகள். ஒவ்வொருவரும் தங்கள் போனை என்னிடம் தருவார்கள், நான் அவர்கள் எண்ணுள்ள பெட்டியில் வைப்பேன். அதற்குப் பதிலாக கம்பெனிப் போன் ஒன்றைக் கொடுப்பேன். தட்டுகளில் ஒட்டியிருக்கும் பார்கோடுகளை ஸ்கேன் செய்ய அது வேண்டும்.

பத்து வருடமாக அந்தப் பெட்டிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. பூட்டுக் கிடையாது. வைத்துவிட்டு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு என்று உங்களிடம் சொன்னால் தப்பில்லை.

ஒரு சமயம் கம்பெனிப் போன்கள் பாதி ஷிப்டிலேயே பேட்டரி தீர்ந்து வர ஆரம்பித்தன. பார்த்தால் யாரோ உள்ளே கேம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் சமையல் வீடியோ ஆப்கூட இருந்தது. கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த சீனப் பெண் ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொண்டுவந்தாள். மகளே, உன்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். போனைக் கேபிளில் மாட்டி, ஒரு வரி தட்டினால் போதும். அந்தப் போனில் என்னென்ன ஆப் இருக்கிறது, எந்தத் தேதியில் ஏறியது, எல்லாம் வரிசையாக வந்து விழும். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் பட்டியல் எடுக்க வேண்டும் என்று உத்தரவு.

அவள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் முதல் வரியே, போனில் டெவலப்பர் வசதியைத் திறந்துகொள்ளவும் என்று இருந்தது. எப்படித் திறப்பது என்று இல்லை.

"இது தெரிஞ்சவங்களுக்கு எழுதினது மா," என்று மலாயில் அவளிடம் சொன்னேன். "நான் இல்லாத ஷிப்டுல இத யாரு படிச்சுச் செய்வாங்க?"

"அப்படின்னா அங்கிளே எழுதிடுங்க. மலாய்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. கவுண்டர்ல நிக்கிறது நீங்கதானே," என்றாள்.

பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவனிடம் ஒரு இன்ஜினியர் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? நான் அன்று மோட்டோவில் வீட்டுக்கு வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கை தானாகச் செய்வதை வாய் சொல்லாது, வாய் சொல்வதைப் பேனா எழுதாது. அந்த டெவலப்பர் வசதி திறக்க, 'பில்ட் நம்பர்' என்று இருக்கும் இடத்தை ஏழு தடவை தட்ட வேண்டும். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதற்கு முன்னால் எதைத் திறக்க வேண்டும், ஏழு தட்டியதும் கீழே ஓர் எழுத்து வந்து மறையுமே அதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், இப்படி எழுதிக்கொண்டே போனேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாய். 'ஆப்' என்று நான் எழுதியதையெல்லாம் 'செயலி' என்று மாற்றினாய். மறுநாள் கிலாங்கில் மூன்று பேர் "செயலின்னா என்னாண்ணே?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து மறுபடியும் ஆப் என்று மாற்றச் சொன்னேன். நீ அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை.

எழுதியதைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும், அதனால் நான் படித்தால் பிழை கண்ணில் படாது. பதினான்காம் எண் பெட்டிக்காரியிடம் கேட்டேன். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன், உற்பத்தி லைனில் மற்றவர்களுக்கு அவள் அக்கா. பாலிக் புலாவிலிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு தினமும் பஸ்ஸில் வருகிறவள் எங்கள் ஷிப்டில் அவள் ஒருத்திதான். பன்னிரண்டு வருடமாக ஒரே மேசையில் இருந்தாள். அந்த மாதம்தான் அவள் பெயர் லைன் லீடர் பயிற்சிக்கு மேலே போயிருந்தது. இன்னும் முடிவாகவில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். கம்பெனிப் போன் எல்லாம் உள்ளே இருந்தன. "என் போன்லயே செஞ்சு பாக்குறேன் அண்ணே. நீங்க ஒண்ணும் சொல்லித்தரக் கூடாது, சரியா?" என்றாள். பக்கத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, விரலை வரிவரியாக நகர்த்திப் படித்துச் செய்தாள். ஆறாவது படியில் நின்றுவிட்டாள்.

"கேபிள மாட்டிட்டேன். நீங்க எழுதினத தட்டிட்டேன். ஒண்ணும் வரல."

"போனப் பாரு."

"போன்ல என்னமோ கேக்குது. அத பாக்கணும்னு நீங்க எழுதவே இல்லையே."

உண்மைதான். கம்ப்யூட்டரை நம்பலாமா என்று போன் கேட்கும், அனுமதி என்பதை அழுத்த வேண்டும். நான் தினமும் யோசிக்காமல் அழுத்துவதால் எழுதத் தோன்றவில்லை.

"பாத்தீங்களா. போனு கேக்குது, அண்ணன் கேக்க மறந்துட்டாரு," என்று சிரித்தாள். அப்போது நானும் சிரித்தேன்.

அனுமதியை அழுத்தியதும் பட்டியல் திரையில் ஓடியது. "வேலை செய்யுது, போதுமா? ஒரு கோப்பி வாங்கித் தந்திரணும்," என்று சொல்லிவிட்டுப் போனைக் கழற்றிப் பதினான்கில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பட்டியல் கம்ப்யூட்டரில் தங்கிவிட்டது.

இப்போது என் தப்பு வருகிறது. கையேட்டில், முடிவில் இப்படித்தான் வரும் என்று காட்ட ஒரு மாதிரி வேண்டும். கம்பெனிப் போனின் பட்டியலில் மூன்று ஆப்தான் இருக்கும், பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அவளுடைய பட்டியல் நன்றாக இருந்தது. பதினைந்து பதினாறு வரி, எல்லா மாதிரியும் கலந்து. மேலே அவள் பெயரும் போனின் எண்ணும் இருந்தன. இரண்டையும் கவனமாக அழித்தேன். அழித்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தேன்.

நீ தட்டச்சு செய்துகொண்டே கேட்டாய். "இது யாரோட போன்பா?"

"யாரோடதோ. பேரெல்லாம் எடுத்துட்டேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"பேரே இல்லாதப்ப எதுக்குக் கேக்கணும்?"

நீ மறுபடியும் தட்டச்சுக்குத் திரும்பினாய். தம்பி எட்டிப் பார்த்து, "டுரியான் பழ விலை பாக்க ஒரு ஆப் இருக்கா?" என்று கேட்டான். நான் பெருமையாக, "எல்லாத்துக்கும் ஆப் இருக்குலா," என்றேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் எல்லோரையும் கவுண்டர் முன்னால் நிற்க வைத்தார். அவரும் நம் ஆள்தான், என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஐந்தாம் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். "அண்ணன் எழுதியிருக்காரு, எல்லாரும் ஒரு தடவை படிச்சிடுங்க," என்றார்.

ஆள் ஆளுக்குப் படித்தார்கள். முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு பையன், "டுரியான் விலை பாக்குற ஆப்பாம்! நம்ம ஷிப்டுல தோட்டக்காரங்க யாரு?" என்றான். இன்னொருத்தி, "பாலிக் புலாவ் பஸ் நேரம் பாக்குறதும் இருக்கு. அக்கா, உங்க போன செவுத்துல ஒட்டிட்டாங்க," என்றாள். எல்லோரும் தங்கச்சி பக்கம் திரும்பினார்கள். அவளும் சிரித்தாள். அவள் கொழுந்தனுக்கு அங்கே தோட்டம் இருப்பதும், பருவத்தில் இவள் பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பதும் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. அந்தப் பையன் சத்தமாக அடுத்த வரியையும் படித்தான். அது வேலை தேடும் ஆப். பக்கத்திலேயே அது ஏறிய தேதி. மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சிரிப்பு நின்றது. அந்தப் பையனும் படிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். சூப்பர்வைசர் தாளைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"என் போனுதான்," என்றாள் அவள். கையில் இருந்த போனை என்னிடம் நீட்டவில்லை. பையில் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றும் அறையில் இருக்கும் தன் லாக்கருக்குப் போனாள். பதினான்காம் பெட்டி அன்று காலியாக இருந்தது.

எல்லோரும் உள்ளே போனதும் சூப்பர்வைசர் கவுண்டரில் சாய்ந்து நின்றார்.

"நல்லவேளை அண்ணே. இன்னிக்குத்தான் பயிற்சிப் பேர அனுப்பலாம்னு இருந்தேன். போகப் போறவங்களுக்கு எதுக்குப் பயிற்சி? வேற பேரு போட்டுடறேன்."

"சார், அது தப்பு. அந்தத் தாள நான் போட்டதே தப்பு. அவ எனக்கு உதவி செய்ய வந்தா. அவகிட்ட கேக்காம எடுத்துப் போட்டுட்டேன்."

"நீங்க போட்டது தப்பா இருக்கலாம். அதுல இருக்கிறது பொய்யில்லையே."

அவள் வேலை தேடுகிறாளா என்று எனக்குத் தெரியாது. தேடவில்லை என்று சத்தியம் செய்தால் அது பொய்யாகிவிடலாம். என் கையேட்டில் நானே எழுதிய ஒரு வரி ஞாபகம் வந்தது: 'போனில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இது காட்டும்.' ஏன் இருக்கிறது, யார் ஏற்றியது, திறந்து பார்த்தார்களா, அதெல்லாம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயில் சரியாக வரவில்லை. எனக்குத் தெரிந்தது கேபிள் மாட்டுவதுதான். அதனால் என் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து மாட்டினேன்.

"என்ன பண்றீங்க?"

"பாருங்க சார்."

பட்டியல் ஓடியது. எனக்கே மறந்துபோன சாமான்களெல்லாம் வந்தன. உங்களுக்காக ஏற்றிய வாய்ப்பாட்டு விளையாட்டு. ரத்த அழுத்தம் குறித்து வைக்கும் ஆப், அதை உங்கள் அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. கீழே போகப் போக, அதுவும் இருந்தது. அதே வேலை தேடும் ஆப். ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு வருடம் பேச்சு அடிபட்டதே, அப்போது பயந்து ஏற்றியது. எங்கும் விண்ணப்பிக்கவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை. அது அங்கே இருக்கிறது என்று எனக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

சூப்பர்வைசர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேபிளின் நுனியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினேன்.

"உங்க போனையும் போடலாமா சார்? மாதிரிக்கு."

இதைக் குத்தலாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவரை மடக்க வேண்டும் என்று எனக்கு எண்ணம் இல்லை. அவர் ஒரு நிமிஷம் அவள் இடத்தில் நிற்க வேண்டும், அதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கவுண்டரில் வைத்திருந்த தன் போன்மேல் அவர் கை வைத்தார். எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பிறகு மெதுவாக அதைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு அண்ணே அதெல்லாம்," என்றார்.

சுவரில் இருந்த தாளைக் கையால் காட்டி, "அதக் கழட்டிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாளைக் கழற்றினேன். ஆணியில் தொங்கிய கையேட்டிலும் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள், கிழித்து என்ன பயன் என்றும் தோன்றியது.

சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் எழுதிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு வரிதான் வந்தது.

"நான் உன்கிட்ட கேட்டிருக்கணும் தங்கச்சி."

"ஆமா," என்றாள்.

"பேர அழிச்சிட்டேன்னு நெனச்சேன்."

"பேர எடுத்தீங்க. ஆள விட்டுட்டீங்க." கோபமாகக் கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "வேலை தேடுறியான்னு கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

"கேக்க மாட்டேன். அது எனக்குத் தெரிய வேண்டியதில்ல."

"எல்லாரும் கேட்டுட்டாங்க. உள்ள மூணு பேரு. டாய்லெட்ல ரெண்டு பேரு." சிரிக்க முயன்றாள். "நீங்களும் கேட்டிருந்தா இனிமே உங்க கவுண்டர் பக்கமே வர மாட்டேன்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். இன்றுவரை எனக்கு அதன் பதில் தெரியாது.

புதன்கிழமை பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன். சூப்பர்வைசர் என்னிடம் வந்து பேசவில்லை, நானும் போய் நன்றி சொல்லவில்லை. அவருடைய போனில் என்ன இருந்தது என்று யோசிக்கவும் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில நாள் யோசித்தேன், அதை மறைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து ஐந்தாம் பக்கத்தை மறுபடியும் எழுதினோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யாருடையதும் இல்லாத ஒரு போனுக்கு நாமே பட்டியல் கட்டினோம். ஒன்று, கடிகாரம். இரண்டு, கணக்குப் போடும் ஆப். தம்பி, டைனோசர் விளையாட்டு என்றான், அதையும் போட்டோம். ஏன் பழையதை எடுத்துவிட்டீர்கள் என்று நீ கேட்டாய். "சரியா வரல," என்று மட்டும் சொன்னேன். உன் முதல் கேள்விக்கே அன்றைக்கு நின்று யோசித்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும் என்று உன்னிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொரு படியையும் அப்போது சேர்த்தேன். முதல் படிக்கும் முன்னால் அது நிற்கிறது: 'இது யாருடைய போன்? அவரைக் கேட்டீர்களா? கேட்காவிட்டால் இந்தப் புத்தகத்தை மூடுங்கள்.' அந்தச் சீனப் பெண் அதைப் படித்துவிட்டு மலாய்க் கையேட்டிலும் போட்டுக்கொண்டாள்.

தங்கச்சி பயிற்சிக்குப் போயிருந்த வாரங்களில் பதினான்காம் பெட்டியைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கீல் ஆடுகிறது என்று சொல்லி வேறு பெட்டி கொடுத்தேன். அது பொய். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லும் அப்பா சொன்ன பொய், எண்ணிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகும் பல நாள் போனை லாக்கரில்தான் வைத்தாள். லைன் லீடருக்கு நீல நாடா கொடுப்பார்கள், அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கவுண்டரைத் தாண்டிப் போவாள், "அண்ணே" என்பாள், அவ்வளவுதான். ஒரு நாள் காலை ஆணியில் தொங்கிய கையேட்டை எடுத்தாள். ஐந்தாம் பக்கத்தைத் திருப்பி, விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தாள். டைனோசரில் விரல் நின்றது. வாய்க்குள் சிரித்தாள். பிறகு போனை எடுத்து, திரை கீழே இருக்கும்படி கவுண்டரில் வைத்து, என் பக்கம் தள்ளினாள். நான் அதைப் பதினான்கில் வைத்தேன். அன்று அந்த ஷிப்ட் முடியும்வரை அடிக்கடி திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை உங்களுக்காக எழுதலாம் என்று தோன்றியதும் போன வாரம் அவளிடம் கேட்டேன். உடுப்பின் தலைமூடியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எழுதணும்?"

"மக ஒரு கேள்வி கேட்டா. பதில் சொல்லாம விட்டுட்டேன்."

முடிச்சைப் போட்டு முடித்தாள். "சரி, எழுதுங்க. ஆனா ஊரையும் அந்த டுரியானையும் மாத்திடுங்க. பெட்டி நம்பரையும்தான்."

மாற்றிவிட்டேன். அவள் ஊர் எது என்று என்னிடம் கேட்காதீர்கள், அன்று தட்டச்சு செய்த பட்டியல் ஞாபகம் இருந்தால் யாரிடமும் சொல்லாதீர்கள்.